வரிசை வரிசையாய் ஒரே மரம்

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கத்துடன் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அது. நம் முன்னோர் இருள் பிரியுமுன் பால் வெட்டச் சென்ற மரங்களின் பூர்வீகமோ அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சிலவே. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அந்தச் சிறு கூட்டத்திலிருந்தே நம் தோட்டங்கள் பெருகின.

பின்னர், அதிகப் பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒட்டினர். பால் பெருகியது, மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரே மரத்தின் மொட்டிலிருந்து எழுந்தவை யாவும் ஒரே மரபணு கொண்டவை. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும்.

அமேசான் காட்டில் இரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில், வெவ்வேறு மரபணுக்களோடு நிற்கின்றன. 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் பெருந்தோட்டம் தொடங்கி, அம்மரங்களை நெருக்கி நட்டார். இலைக்கருகல் நோயைப் பரப்பும் பூஞ்சைக்கு அது விருந்தானது. 1945இல் அவருடைய நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றது. அந்நோய் இன்னும் ஆசியாவை எட்டவில்லை.

1981இல் பல நாட்டு அறிவியலாளர்கள் அமேசானில் திரட்டிய காட்டு இரப்பர் விதைகள் மலேசியாவுக்கும் வந்தன. அம்மரங்களில் பால் குறைவுதான். அதற்காக அவற்றை வீண் என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். நோயைத் தாங்கும் மரபணுவை வேறு எங்கே தேடுவது? கலப்பினம் செய்து புதிய மரத்தை உருவாக்கப் பல்லாண்டுகள் ஆகும். நோய் வந்தபின் தொடங்க முடியாது.

மலாக்காவில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எஞ்சியுள்ள சிறுதோட்டக்காரர்கள் மறுநடவு செய்யும்போது, ஒரே வகைக்குப் பதிலாக மூன்று நான்கு வகைக் கன்றுகளைக் கலந்து நடட்டும். பால் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.