'அரிது' என்னும் சாட்டு

ஒரு நோயை 'அரியது' எனக் கூறுவது எண்ணிக்கை பற்றிய கூற்று மாத்திரமே. அது எத்தனை பேரைப் பீடிக்கின்றது என்பதை அச்சொல் உணர்த்தும். பீடிக்கப்பட்டவர் எவ்வளவு கவனத்துக்கு உரியவர் என்பதை உணர்த்தாது. ஆயினும், அரிது என்பதனையே சாட்டாகக் கொண்டு அறியாமையை நியாயப்படுத்தும் போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்கள் இனங்காணப்படும் முறையை நோக்குவோர்க்கு இஃது இனிது புலனாகும்.

இந்நோய்களை மறைப்பன முதலிற் பழகிய பெயர்களே. காதடியில் வீக்கமெனின் கூகைக்கட்டு. வாயினுள் தடிப்பெனின் வெற்றிலை தந்த வினை. முகம் ஒருபுறம் கோணின் வாதம். இம்முடிவுகள் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடுவதே இவற்றின் ஆபத்தாகும். கூகைக்கட்டு சில நாள்களில் வற்றும், கட்டி வற்றாது. காரணமறியா முகவாதம் சடுதியாகத் தோன்றிப் பெரும்பாலும் சில மாதங்களிற் குணமடையும். காதடிச் சுரப்பியூடாகச் செல்லும் முகநரம்பைப் புற்று பற்றுமிடத்தோ, முகம் படிப்படியாகச் செயலிழந்து மீளாது நிற்றல் கூடும். அண்ணத்திலே தோன்றும் கட்டி வெற்றிலையைத் தொட்டறியாதவருக்கும் வரும். வலியின்மை நலத்துக்குச் சான்றன்று. காதடிச் சுரப்பிக் கட்டிகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பது உண்மையே. ஆனால் அண்ணம் முதலிய இடங்களிலுள்ள சிறு சுரப்பிகளில் எழும் கட்டிகளுள் ஏறத்தாழ அரைவாசியோ அதனினும் மிகுதியோ புற்றாகும்.

மருத்துவம் தானே இட்ட பெயர்களும் வழிதவறச் செய்தமைக்கு வரலாறு சான்று பகரும். 19ஆம் நூற்றாண்டில் பில்ரோத் ஒரு கட்டிக்கு அதன் உருவமைப்பு நோக்கிச் 'சிலிண்ட்ரோமா' எனப் பெயரிட்டார். அப்பெயரிற் கொடுமையின் சாயல் எதுவுமில்லை. நரம்பின் வழியே ஊர்ந்து, பத்தாண்டு கடந்தும் நுரையீரலிலே தலைகாட்டவல்ல புற்று அது. இன்று அது 'அடினோயிட் சிஸ்டிக் கார்சினோமா' எனப்படுகின்றது. ஐந்தாண்டு உயிர்வாழ்தலைக் குணமெனக் கொள்ளும் கணக்கு இந்நோயிடத்துப் பொய்த்துப்போகும்.

பிறிதொன்று நம் காலத்தது. 2010ஆம் ஆண்டிலே செக் நாட்டு நோயியலாளர் அலேனா ஸ்காலோவாவும் அவர்தம் சகபாடிகளும், அதுவரை பெரும்பாலும் 'அசினிக் கலப் புற்று' என்ற பெயருள் மறைந்துகிடந்த ஒரு வகையைத் தனிநோயென நிறுவினர். இரு பரம்பரையலகுகள் பிறழ்ந்து இணைதல் அதன் அடையாளம். 2018இல் அத்தகைய இணைவையே இலக்காகக் கொண்ட 'லாரோட்ரெக்டினிப்' என்னும் மருந்து, பரவிய அல்லது அறுவையால் அகற்றவியலாத புற்றுகளுக்கென ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பழைய பெயரோடு கோப்பிலே உறங்கும் நோயாளிக்கு இம்மருந்து பற்றிய பேச்சே எழாது. பெயர் பிழைப்பின் சிகிச்சையும் பிழைக்கும்.

"வறிய நாட்டுக்கு இவையெல்லாம் கட்டுபடியாகுமா? பொதுவான நோய்களை முதலிற் கவனிப்போம்" என வாதிடுவோர் உளர். இவ்வாதம் விவேகம் போலத் தோன்றும், ஆராயின் சோம்பலாகும். கட்டியைத் தடவிப் பார்ப்பதற்கும் கண்ணை இறுக மூடச் சொல்லி முகநரம்பைச் சோதிப்பதற்கும் பணம் வேண்டியதில்லை. நுண்ணூசியாற் கலங்களை உறிஞ்சியெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்தல் பெருஞ்செலவன்று. அம்முடிவுகளை ஒரே சீராக எழுதுதற்கு 2018 முதல் மிலான் முறை உண்டு. மேற்கூறிய இரு புற்றுகளையும் வேறுபடுத்தப் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சாயமிடுதலே பல வேளைகளிற் போதுமானது. புதிய மருந்தின் விலை மிகப் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்தை வாங்க இயலாமை வேறு. நோய் இன்னதென அறியும் உரிமையை மறுத்தல் வேறு. இலவச மருத்துவத்தை மக்களின் உரிமையெனப் போற்றும் இந்நாட்டிலே, அவ்வுரிமை பெருந்தொகையினரின் நோய்களோடு முடிந்துவிடுதல் முறையாகுமா?

ஐயத்துக்குரிய இழையத் துண்டு எவ்வூர் மருத்துவமனையில் எடுக்கப்படினும், இத்துறையில் தேர்ந்த நோயியலாளரின் பார்வைக்குச் செல்லும் ஒழுங்கு வேண்டும். கேட்பது அவ்வளவே.

கலைப்பீடத்தாருக்கு இங்கு யாது வேலை என வினவலாம். சொல் எதை மறைக்கின்றது என ஆராய்தல் எம் துறை. ஆயிரம் நோயாளருள் ஒருவர்க்கு வருவது, அவ்வொருவரைப் பொறுத்தமட்டில் அரிதன்று. அதுவே அவருக்கு முழுமையும் ஆகும்.