மார்பில் சுண்ணாம்புப் புள்ளியும் மந்திரவாதி பிழைப்பும்

கோவில்பட்டிக்கு அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில் நடந்த சங்கதியை வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டியது நமது கடமையாக இருக்கின்றது. தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கும் ஒரு அம்மாள், வயது 49. ஊருக்கு வந்த ஒரு முகாமில் அவருடைய மார்பை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மேமோகிராம் என்பது அதுதான். முடிவுச் சீட்டு இங்கிலீஷில் வந்தது. அதுவும் அந்த அம்மாள் கைக்கு வரவில்லை. புருஷன் கைக்குப் போயிற்று. அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஊரில் படித்தவர் என்று பேர் வாங்கிய ஒருவரிடம் காட்ட, அவர் "கால்சியம்" என்பது போன்ற ஒரு வார்த்தையைக் கண்டு, மார்பிலே சுண்ணாம்பு பிடித்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். உடனே அம்மாளுக்கு வெற்றிலை நின்றது, பால் நின்றது, கேழ்வரகுக் கூழும் நின்றது. அதுவும் போதாதென்று குறி சொல்லுகிறவனிடம் போனார்கள். அவன் குலதெய்வக் குற்றம் என்றான். ஒரு கிடாயும், வெள்ளித் தகட்டில் அடித்த மார்பு உருவம் ஒன்றும் காணிக்கையாயின. நோய்க் காகிதம் வீட்டில் இருந்தால் பீடை என்று சொல்லி, படத்தையும் சீட்டையும் தெய்வத்தின் வாசலிலேயே கொளுத்தச் செய்தான்.

ஒரு வருஷம் சென்று அம்மாளுக்கு மார்பில் கட்டி கையில் தட்டியது. திருநெல்வேலிக்குப் போனார்கள். புற்று என்றும், அது பால் குழாயை விட்டு வெளியே வந்துவிட்டதென்றும் வைத்தியர் சொன்னார். போன வருஷப் படம் எங்கே என்று அவர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு முன் அது குழாய்க்குள்ளேயே அடங்கியிருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி சாம்பலாகிவிட்டது. கிடாயைத் தின்று ஏப்பம் விட்டவர்களில் ஒருவராவது அன்றைக்கு அந்த அம்மாளுக்குத் திருநெல்வேலி பஸ் சார்ஜைக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நாம் கேட்கின்றோம்.

நிற்க. இந்தச் சுண்ணாம்பு என்பதுதான் என்ன? கரிசலில் கிணறு வெட்டுகிறவர்களுக்குச் சுக்கான் கல் தெரியும். மண்ணிலுள்ள சுண்ணாம்பு அங்கங்கே திரண்டு கல்லாகிறது. அதனால் அந்த நிலத்துக்குச் சாபம் என்று எந்தச் சம்சாரியும் சொல்லுவதில்லை. அதுபோலவே உடம்பின் சதையிலும் கால்சியம் உப்பு நுணுக்கமாகப் படிவதுண்டு. வயதாக ஆக இரத்தக் குழாயின் சுவரில் படியும். எப்போதோ இருந்த சாதாரணக் கட்டி வற்றும்போது படியும். அடிபட்ட இடத்தில் படியும். பால் குழாயில் தேங்கிய கசிவிலும் படியும். இதற்கும் தின்கிற பாலுக்கும், கேழ்வரகுக்கும், கால்சியம் மாத்திரைக்கும் கடுகளவும் சம்பந்தமில்லை. (வெற்றிலை புகையிலை வாய்க்குக் கெடுதல் என்பது வேறு வழக்கு. அதை இதில் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம்.) ஐம்பது வயது தாண்டிய பெண்மக்களில் எத்தனையோ பேருக்கு இப்படிப் புள்ளிகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் எல்லாப் புள்ளியும் ஒன்றல்ல என்பதில்தான் விஷயம் இருக்கின்றது. உருண்டு, திரண்டு, தனித்தனியாகச் சிதறிக் கிடப்பது பெரும்பாலும் தீங்கற்றது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த பொடியாய், உருவம் ஒழுங்கின்றி, ஒரே இடத்தில் கூட்டமாய், அல்லது குழாயின் போக்கிலேயே கிளைவிட்டுக் கோடாய்ப் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டும். குழாய்க்குள் தோன்றும் ஆரம்பப் புற்று பல சமயம் இந்த அடையாளத்தினாலேயே அகப்படுகிறது. கைக்கும் அகப்படாது, வலியும் இராது.

இதை முதன்முதல் படத்தில் கண்டவர் பெர்லின் சர்ஜன் ஆல்பர்ட் சாலமன் என்பவர். 1913ல், அறுத்தெடுத்த சுமார் 3000 மார்புகளை எக்ஸ்ரேயில் பார்த்து எழுதினார். யூதராய்ப் பிறந்த குற்றத்திற்காக ஹிட்லர் கூட்டம் அவரை வேலையை விட்டுத் துரத்திச் சிறைமுகாமிலும் அடைத்தது. அவர் மகள் ஷார்லட் என்னும் சித்திரக்காரியை 1943ல் ஆஷ்விட்ஸில் கொன்றது. பிறப்பிலே உயர்வு தாழ்வு பேசுகிற கூட்டம் எந்த நாட்டிலும் அறிவாளிக்குச் செய்யும் மரியாதை இதுதான் போலும்! பின்னால் உருகுவே நாட்டு லெபோர்ன் என்னும் வைத்தியர் இந்தப் பொடிப் புள்ளிகளைப் புற்றுக்கு அடையாளமாகப் படிக்கும் முறையை விளக்கினார். சாலமனும் லெபோர்னும் பூசாரிகளல்ல. அவர்கள் செய்ததெல்லாம் கண்ணை விழித்துப் பார்த்ததுதான்.

முடிவுச் சீட்டில் பைராட்ஸ் என்று ஒரு நம்பர் போடுவார்கள். 0 என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல. இன்னும் படம் வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 1, 2 என்றால் வீட்டுக்குப் போகலாம். 3 என்றால் புற்றாயிருக்க நூற்றுக்கு 2க்கும் குறைந்த சந்தேகம். ஆறு மாதத்தில் மறுபடி எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதித்த சுண்ணாம்புப் புள்ளிகளிலும் பெரும்பகுதி புற்றல்ல என்றே முடிகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் விளங்கக்கூடிய இந்தக் கணக்கை அந்த அம்மாளுக்குத் தமிழில் சொல்ல ஒரு நாதியில்லை!

இதற்கு மந்திரவாதியை மாத்திரம் குற்றஞ் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பயத்தை விற்கிற வியாபாரிகள் வெள்ளைக் கோட்டிலும் இருக்கின்றார்கள். 2 என்று நம்பர் போட்ட பெண்ணையும் மிரட்டி, மாதாமாதம் படம் எடுக்கச் சொல்லி, தாலிக்கொடியை அடகு வைக்கச் செய்கிறவனுக்கும் குறி சொல்லுகிறவனுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. குழாய்க்குள் அடங்கிய புற்று எல்லாம் ஒன்றுவிடாமல் பரவும் என்பதும் மெய்யல்ல. எது பரவும், எது சும்மா கிடக்கும், எதற்குக் கத்தி வேண்டும் என்று வைத்திய உலகத்திலேயே இன்னும் வாதம் நடக்கிறது. ஆகவே ஒரு பெண் "ஏன் அறுக்கச் சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டால், அது அதிகப்பிரசங்கித்தனமல்ல, அவள் பாத்தியதை.

அடுத்தபடி, மானத்தைப் பற்றிப் பேசுகிற யோக்கியர்களுக்கு ஒரு வார்த்தை. அந்நியர் முன் மார்பைக் காட்டுவது குடும்பப் பெண்ணுக்கு அழகல்லவாம். இந்த வைதீகந்தான் பக்கத்துத் திருவாங்கூரில் கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்ட பெண்கள் மார்பை மூடவே கூடாது என்றது. அடிபட்டு, கலகம் நடந்து, 1859ல் ராஜா உத்தரவு போட்ட பிறகுதான் நாடார் பெண்கள் மூட முடிந்தது. மூடாதே என்று அன்று சொன்ன வாயே வைத்தியரிடம்கூடத் திறக்காதே என்று இன்று சொல்லுகின்றதென்றால், பெண்ணின் மார்பு பெண்ணைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொந்தம் என்பதுதானே அதன் கருத்து?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கை புற்றினால் இறந்ததைப் பார்த்துவிட்டு, பரிகாரம் தேடி எந்தக் கோயிலுக்கும் போய் உட்காரவில்லை. ஓயாது பாடுபட்டு 1954ல் அடையாற்றில் ஆஸ்பத்திரி கண்டார். இன்று நிலைமை என்ன? 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதிக்க வேண்டுமென்று இந்திய சர்க்கார் 2016ல் திட்டம் வகுத்தது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் அப்படிப் பரிசோதிக்கப்பட்டவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறவில்லை.

கையால் பார்ப்பதில் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியார் செய்ததைப் பார்க்கட்டும். 1998 தொடங்கி 20 வருஷம், ஒன்றரை லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டு, அதில் பாதிப்பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களைக் கொண்டு கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்புப் புற்றுச் சாவு ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்ததென்று 2021ல் வெளியிட்டார்கள். அதற்குக் கீழ்ப்பட்ட வயதினரில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். பொடிப் புள்ளிக்கு எக்ஸ்ரே வேண்டும். கையில் தட்டுகிற கட்டிக்கு எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முகாம் நடத்துகிறவர்களும் சர்க்காரும் முடிவைத் தமிழில் எழுதி, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்து, வாயாலும் சொல்ல வேண்டும். பெட்டிக் கணக்குக்குக் கூலி வாங்குகிறவளுக்குத் திருநெல்வேலி போகிற நாள் கூலியில்லாத நாள். தீப்பெட்டி முதலாளிகள் அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது. படம் எடுக்கப் போகும் பெண்மக்கள் அன்றைக்கு மார்பிலும் அக்குளிலும் பவுடர் பூசக்கூடாது. அது படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலவே விழும். மந்திரித்த திருநீற்றுக்கும் இதே சட்டந்தான். எடுத்த படத்தை வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்ள வேண்டும்.