எழுதா மருத்துவமும் எழுத்துச் சான்றும்

ஒரு பொருளை முதன்முதற் கண்டறிந்தவர்க்கு, அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த காலம்வரை தனியுரிமை அளித்தல் இன்றைய நாடுகளின் சட்டமாகும். பேடண்டு என்றும் காப்புரிமை என்றும் வழங்கும் இவ்வுரிமை, விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டு நிற்பது. உழைத்தவன் தன் உழைப்பின் பயனைத் துய்த்தல் முறையே. அதனை யாம் மறுத்திலேம். ஆயின், பலரும் முன்னரே அறிந்து கையாண்டுவரும் ஒன்றைப் புதிதெனச் சொல்லி உரிமை கொள்ளுதல், நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் மன்னன் கவர்ந்துகொண்ட செயலை ஒக்கும். நம் பாட்டிமாரின் கைம்மருந்துக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. அவ்வரலாற்றையும், அதன்வழி நம்மேல் வந்துள்ள கடனையும் ஈண்டுச் சில சொற்களாற் கூற விழைகின்றோம்.

புண்ணுக்கு மஞ்சட்பொடி இடுதலை அறியாத இல்லம் தமிழ்நாட்டில் உளதோ? எனினும், புண் ஆற்றுதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கென்று, அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995 மார்ச்சுத் திங்களிற் காப்புரிமை பெற்றது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதனை எதிர்த்து 1996-இல் வழக்குரைத்தது. “இஃது எங்கள் வீட்டு வழக்கம்” என்னும் சொல் ஆண்டுச் செல்லவில்லை. நூற்சான்றே வேண்டப்பட்டது. பழைய நூல்களினின்றும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையினின்றும், இவைபோல்வன பிறவற்றினின்றும் 32 சான்றுகள் திரட்டி வைக்கப்பட்டன. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

வேம்பின் வழக்கோ இன்னும் நெடியது. பயிர்களைப் பற்றும் பூஞ்சை நோயை வேப்பெண்ணெயால் அடக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் கம்பெனியும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் உரிமை பெற்றன. வந்தனா சிவா அம்மையாரும் அவரோடு சேர்ந்தோரும் அதனை எதிர்த்தனர். அம்முறையைத் தாம் முன்னரே நம் நாட்டு வயல்களிற் கையாண்டு கண்டதாக இந்தியத் தொழிலாளர் ஒருவர் அல்லர், தொழில் நடத்துவோர் ஒருவரே நேரிற் சென்று சான்று பகர்ந்தார். 2000-இல் உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளப்பட்டது. வேப்பமரத்தடியில் வாழும் நமக்கு, வேம்பின் குணம் முன்பே தெரியுமென நிலைநாட்டப் பத்தாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது!

இவ்விரு வழக்குகளாலும் விளங்குவது யாது? அறிவு மட்டும் இருந்தாற் போதாது; அதற்குச் சான்றும் வேண்டும் என்பதே. அமெரிக்கச் சட்டமோ, 2013-இல் திருத்தம் நடைமுறைக்கு வருங்காறும், அயல்நாட்டில் வாய்மொழியாகவும் வழக்கமாகவும் மட்டும் நிலவிய அறிவை ஒரு தடையாகக் கொள்ளவே இல்லை. அச்சிலேறியதே அங்குச் சான்று. திருத்தத்திற்குப் பின்னும், வழக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையதே.

இதனை உணர்ந்த அரசாங்கம், 2001 முதல் மரபறிவு மின்னூலகம் ஒன்றை அமைத்து வருகின்றது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய முறைகளின் நூல்களிலுள்ள மருந்துகள், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளிற் பெயர்த்து அதில் வைக்கப்பட்டுள்ளன. 2009-இல் ஐரோப்பிய அலுவலகத்தோடும், அதன்பின் பிற நாட்டு அலுவலகங்களோடும் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. இனி ஆங்குள்ள அதிகாரிகள் உரிமை வழங்குமுன் இதனைப் புரட்டிப் பார்க்கலாம். போற்றத்தக்க முயற்சியே, ஐயமில்லை. ஆயினும், இந்நூலகம் நூலிலுள்ளதையே காக்கும். ஏட்டிலேறாத அறிவுக்கு அங்கு இடம் எங்கே?

எம் பகுதியாகிய கீழப்பழுவூரை எடுத்துக்கொள்வோம். பழு என்பது ஆலமரம்; அதனால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். மரத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ஊர் இது. பழுவேட்டரையர் காலத்தில், கோயில் விளக்குக்கு விட்ட கொடையையும், நிலத்தையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆகவே ஆயிரம் ஆண்டு கழிந்தும் அக்கொடையை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால், எந்தத் தழை எந்தப் புண்ணை ஆற்றும், எந்த வேரை எப்பருவத்திற் பறித்தல் வேண்டும் என்ற அறிவை எவரும் கல்லில் வெட்டினாரில்லை. அது முதியோர் நாவிலும் நாட்டு வைத்தியர் கையிலுமே வாழ்ந்து, அவரோடு மறைந்து வருகின்றது.

இதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில், அரியலூர் மழவராயர்க்கு வந்த இராசபிளவையை வீரமாமுனிவர் ஆற்றினார் என்று செவிவழிச் செய்தி வழங்குகின்றது. இத்தாலி நாட்டினின்று வந்த துறவி தமிழ் மண்ணின் மருத்துவத்தையும் மாணவராய் நின்று கற்றார் என்றே இவ்வூரார் நம்புகின்றனர். கற்றவர் கற்ற இடத்தை மறவாமையே நாம் வேண்டுவது.

இனி, சிலர் கூறும் தடைகளை ஆராய்வோம். “பாட்டி மருந்தெல்லாம் மெய்யோ?” என்பர் ஒரு சாரார். மெய்யா பொய்யா என்பதை ஆய்கூடம் தேர்ந்து சொல்லட்டும். யாம் குறுக்கே நில்லேம். ஒன்று முன்னரே அறியப்பட்டதா என்பது வேறு கேள்வி. “ஆய்ந்தவர்க்கு ஊதியம் வேண்டாவோ?” என்பர் மற்றொரு சாரார். வேண்டும். ஆனால் சொல்லிக்கொடுத்தவர்க்கும் வேண்டும். கேரளத்துக் காணிப் பழங்குடியார் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் பூண்டினின்று, ஆங்குள்ள தாவரவியல் ஆராய்ச்சித் தோட்டத்தார் ஜீவனி என்னும் மருந்தைச் செய்தனர். 1995-இல் அதனைத் தயாரிக்கும் உரிமத்தைக் கொடுத்தபோது, வந்த பணத்திற் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கினர். ஆதலின் இருவர்க்கும் நீதி செய்தல் இயலாததன்று.

மூன்றாவது தடையே வலியது. “எழுதி வைத்தால் எல்லார்க்கும் வழி திறந்துவிடுவதன்றோ?” உண்மை. 2023-இல் திருத்தப்பெற்ற பல்லுயிர்ச் சட்டம், நூல்களில் தொகுக்கப்பெற்ற மரபறிவைக் கையாள்வோர்க்கு விலக்கு அளித்துள்ளது. எனவே, கண்டதையெல்லாம் கேளாது அச்சிடுதல் ஊராரை வஞ்சிப்பதாய் முடியும். ஆனால், எழுதாமலே விடின் அவ்வறிவு அழியும். அல்லது பிறன் பெயரில் மீளும். இதற்கு வழி, 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்திலேயே உளது. ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, ஊர்மக்களைக் கலந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பேணுதல் வேண்டும் என்பது விதி. ஊரின் அறிவு, ஊரார் இசைவோடு, ஊரின் பெயரால், ஊரின் கையிலுள்ள ஏட்டில் ஏறுதலே தக்கது.

இதனிற் தமிழ் மாணவர்க்கு என்ன வேலை என்று வினவலாம். மிகுதியும் அவர்க்கே வேலை. கரிசலாங்கண்ணி ஓரூரிற் கையாந்தகரை, மற்றோரூரிற் கரிசாலை. மூன்றும் ஒன்றென அறியாதவன் எழுதும் பதிவு சான்றாகாது. சித்தர் பாடல்களோ குழூஉக்குறிகளால் நிறைந்தவை. சொல்லின் வழக்கறிந்தாரே அவற்றை விடுவிக்க வல்லார். நிகண்டும் இலக்கணமும் தேர்வுக்கு மட்டும் கற்பவையாகா.

ஆதலின் நண்பர்காள், எதிர்வரும் கோடை விடுமுறையில் நும் ஊர் முதியோரை அணுகுமின். அவர் இசைந்தால், பூண்டின் ஊர்ப்பெயரையும், அதன் பயனையும், சொன்னவர் பெயரையும், நாளையும் பிழையற எழுதுமின். இசையாரேல் வற்புறுத்தாது வணங்கி மீளுமின். எழுதியதை ஊராட்சிக் குழுவிடம் ஒப்புவித்துப் பதிவேட்டிற் சேர்ப்பிமின். குழு உறங்குமேல் எழுப்புமின். பெற்ற தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த ஊழியனைத் தலைவன் மெச்சவில்லை. நம் முன்னோர் ஒப்புவித்த தாலந்து நம் ஊர்ப்புறங்களில், வேலியோரத்தும் வரப்போரத்தும் இன்னும் தழைத்து நிற்கின்றது. அதன் பெயரறிந்து எழுதி வைத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.