மூக்கும் யந்திரமும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கோலமும் வெண்பொங்கலும் எவ்வளவு நிச்சயமோ, ஜலதோஷமும் அவ்வளவு நிச்சயம். மற்றவர்களுக்கு அது ஒரு வாரத் தொல்லை; கஷாயம் குடித்து, வேது பிடித்து, நாலு தும்மல் தும்மினால் போய்விடும். இரவில் மூக்கின்மேல் மாஸ்க் பொருத்திக்கொண்டு உறங்க வேண்டியவர்களுக்கோ அது அத்தனை லேசான விஷயமன்று. அவர்களில் அடியேனும் ஒருவன். சென்ற ஆண்டு நான் செய்த மடமையைச் சொன்னால் வேறு யாருக்கேனும் பயன்படலாம் என்று கருதியே இவ்வாரம் இதை எழுதத் துணிந்தேன்.

உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்ளும் வியாதிக்கு ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று பெயர். குறட்டை உரக்கக் கேட்கும், திடீரென்று நிசப்தம், பிறகு ஒரு திணறல், மறுபடியும் குறட்டை. மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்புகிறது. ஆனால் காலையில் அவருக்கு அது நினைவிராது. களைப்பு மட்டும் மிஞ்சும். இதற்கொரு சிகிச்சையை ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் ஸல்லிவனும் அவருடைய சகாக்களும் 1981ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ‘சி-பாப்’ என வழங்கும் யந்திரம் அதன் பயனே. அது மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தித் தொண்டையை மூடவிடாமல் தாங்கி நிற்கிறது. அதன் அழுத்தம் சாதாரணமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரளவு. அதாவது, ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்து நீரின் அழுத்தத்துக்கு மேற்படாது. இச்சிறு அழுத்தம் உயிரைக் காக்கிறது.

எனக்கு இவ்வியாதி உண்டென்று பரிசோதனையில் தெரிந்தபோது, மணிக்கு 34 தடவை மூச்சுத் தடைப்படுவதாகச் சொன்னார்கள். யந்திரம் வந்த பத்தாம் நாளே வகுப்பில் நான் கொட்டாவி விடுவது நின்றது; அதன்பின் மாணவர்கள் மட்டுமே விட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மார்கழி வந்தது. நள்ளிரவுக்கு மேல் இரு நாசிகளும் அடைத்துக்கொள்ளும். யந்திரமோ கடமை தவறாமல் காற்றைத் தள்ளும். உள்ளே போக வழியில்லாத காற்று மாஸ்க்கின் ஓரங்களில் சீறிக்கொண்டு கண்ணில் அடிக்கும். மூன்றாம் நாள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ‘ஜலதோஷம் போகட்டும், பார்த்துக்கொள்வோம்’ என்றேன். ஜலதோஷம் போயிற்று; மாஸ்க் மட்டும் ஒரு மாதம் ஆணியிலேயே தொங்கியது.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, பன்னிரண்டு வயது மகளை ஸ்கூட்டரின் பின்னால் அமர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகையில், நாற்சந்தியில் சிவப்பு விளக்கைக் கண்டு நின்றேன். சிறிது நேரத்தில் அவள் தோளைத் தட்டி, “அப்பா, பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு!” என்றாள். பின்னால் வண்டிகள் அலறிக்கொண்டிருந்தன. என் காதில் ஒன்றும் விழவில்லை. பட்டப் பகலில், நடுத்தெருவில், காலூன்றி நின்றபடியே நான் உறங்கிப் போயிருந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் அந்த உறக்கம் வந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு மேல் அன்று எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “மூக்கு அடைத்தால் மூக்குக்கல்லவா வைத்தியம் பார்க்க வேண்டும்? யந்திரத்தை ஏன் ஆணியில் மாட்டினீர்கள்?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு பட்டங்கள் பெற்ற எனக்கு இந்தச் சிறு தர்க்கம் ஒரு மாதமாகப் புலப்படவில்லை.

மூக்கு வெறும் துவாரமன்று என்பதைக் காது-மூக்கு-தொண்டை வைத்தியர் எனக்கு விளக்கினார். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புவது அதன் வேலை. யந்திரத்தின் காற்று வறண்டும் குளிர்ந்தும் வந்தால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது. மூக்கு அடைக்கவே வாய் திறக்கிறது. வாய் திறந்தால் மூக்கின் வழியே புகும் காற்று வாய் வழியே ஓடிவிடுகிறது. சவ்வு மேலும் வறண்டு, மேலும் வீங்குகிறது. இந்தச் சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். நாசிகள் இரண்டும் சில மணி நேரத்துக்கொரு முறை மாறி மாறிச் சற்று அடைப்பதும் திறப்பதும் இயற்கையே. 1895இல் ஜெர்மானிய வைத்தியர் கைஸர் இதை விவரித்தார். இடகலை, பிங்கலை என்று நம் யோக நூல்களும் இதைப் பற்றிப் பேசுகின்றன. ஆகவே ஒரு பக்கம் சற்று அடைத்தாலே பீதி கொள்ள வேண்டியதில்லை. எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால்தான் நடுத்தண்டு வளைவோ சதை வளர்ச்சியோ உண்டாவென்று பார்க்க வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவை. முதலாவது, யந்திரத்தோடு வரும் வெந்நீர்த் தொட்டி. அது காற்றுக்கு ஈரமும் வெதுவெதுப்பும் ஊட்டும். அதில் வாலையில் வடித்த நீரே ஊற்ற வேண்டும். காலைதோறும் மிச்சத்தைக் கொட்டிக் கழுவி உலர்த்த வேண்டும். நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டாலென்ன என்று நம் வீடுகளில் கேட்பார்கள். கூடவே கூடாது, தைல ஆவியை இரவு முழுவதும் நுரையீரலுக்குள் தள்ளுவது கேடு. ஏ.ஸி. அறையில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டால், குழாய்க்கு ஒரு துணியுறை போடலாம்.

இரண்டாவது, படுக்குமுன் உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல். நம் யோகிகளின் ஜல நேதியே இது. ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் அயோடின் சேராத உப்பு போதும். நீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறியதாயிருக்க வேண்டும். கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது கொதிக்க விடவேண்டும். குழாய் நீரை அப்படியே மூக்கில் விடலாகாது. அசுத்த நீரில் வாழும் ஒருவகை அமீபா அபூர்வமாக மூக்கின் வழியாகவே மூளையைத் தாக்கும். 2024இல் கேரளத்தில் அந்நோயால் சிலர் மாண்டதை மறக்கலாகாது.

மூன்றாவது, மருந்து. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து, ஐந்து நிமிஷத்தில் மூக்கைத் திறந்து அதிசயம் காட்டும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். கடன்காரனிடம் வட்டிக்குக் கடன் வாங்குவது போன்றது அது. ஒவ்வாமையால் அடைப்பு நீடிப்பவர்களுக்கு வைத்தியர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதித் தருவதுண்டு. அது மெதுவாக வேலை செய்வது. பிரதி தினமும் போட்டாலன்றிப் பயன் தெரியாது. அடைப்பு நீக்கும் மாத்திரைகளில் சில இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. இவ்வியாதியுடையோரில் பலருக்கு இரத்த அழுத்தமும் உண்டாகையால், கேளாமல் விழுங்கலாகாது.

நான்காவது, படுக்கையறை. கொசுவர்த்திப் புகையும் ஊதுவத்திப் புகையும் அங்கே வேண்டாம். யந்திரத்தின் வடிகட்டி தூசியைத் தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது. வடிகட்டியைக் காலத்தில் மாற்றவும் வேண்டும்.

இத்தனை செய்தும் கடும் ஜலதோஷ இரவுகள் வரத்தான் செய்யும். தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டு, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கை அந்த நாட்களுக்கு உபயோகிக்கலாம். அதுவும் முடியாத இரவில், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது நலம். அன்று தூக்க மாத்திரை தொடலாகாது. மறுநாள் கண் அயர்ந்தால் வண்டியும் ஓட்டலாகாது. மூக்கு திறந்த இரவே மாஸ்க் முகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். காதுவலியோ, காய்ச்சலோ, மூக்கில் இரத்தமோ கண்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

இப்போது அந்த ஆணியில் என் மகள் தன் பள்ளிக்கூடப் பையை மாட்டுகிறாள். “உங்களுக்கு இனிமேல் அந்த இடம் கிடையாது, அப்பா!” என்கிறாள். எனக்கும் அது வேண்டியதில்லை.