கத்திப் பிடியில் கஞ்சம் வேண்டாம்



கத்தி வாங்குபவர் அலகைப் பார்க்கிறார்; விரலால் கூர் தடவுகிறார். கொள்முதல் செய்யும் நாமும் அப்படியே. பிடி எத்தனை நூல் கனம் என்று கேட்பவர் நம்மில் அரிது. ஆனால் விற்ற கத்தி கடைக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் பிடியினால்தான். வெடித்துவிட்டது, ஆடுகிறது, கை கொப்புளிக்கிறது என்பவையே புகார்கள்.

இதற்குக் கொல்லரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவது நாம். இரும்பு விலையும் கரி விலையும் அவர் கையில் இல்லை. அவர் கை வைக்க மிஞ்சுவது மரம் ஒன்றே.

ஒரு நூல் குறைந்தால் என்ன ஆகும்? வெல்லம், புளி வெட்டும் கடைக் கத்தியை எடுத்துக் கொள்வோம். பிடிக்குள் போகும் இரும்பு 1 நூல். இருபுறமும் மரம் 3 நூல் வீதம். ஆக 7 நூல், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர். உள்ளங்கை நிறையும். மரத்தை 2 நூலாக்கினால் மொத்தம் 5 நூல்தான். வெட்டப் பயன்பட வேண்டிய பலம், நழுவாமல் பிடிப்பதிலேயே போய்விடும். ஆணித் தலை பதியக் குடைந்தபின் எஞ்சும் மரமும் சொற்பம். அங்கேதான் வெடிக்கும். கட்டையை 4 நூலில் அறுத்தால்தான் இழைத்துத் தேய்த்தபின் 3 நூல் நிற்கும்.

அதற்காகக் கனம் கூடக் கூட நல்லது என்றும் எண்ண வேண்டாம். காய் நறுக்கும் சிறு கத்திக்கு 5 நூலே போதும். கல்வராயன் மலைக்குப் போகும் கொடுவாளோ ஓங்கி வீசும் கருவி. மரவள்ளித் தண்டும் விறகும் வெட்டும் அதற்கு ஒன்றேகால் அங்குலம் வரை வேண்டும். முழு வட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாக இருந்தால் கைக்குள் திரும்பாது. பூண் இல்லாத பிடியை வாங்கவே கூடாது. வீச்சில் மரம் பிளந்து அலகு கழன்றால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பச்சை மரமும் ஆகாது. காயும்போது சுருங்கி ஆணி தளரும். கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் பக்குவம் அறிந்த கைகள் உள்ள ஊரில், ஈரக் கட்டையில் போட்ட பிடியை நாம் விற்கலாமா?

என் யோசனை இதுதான். ஆர்டர் சீட்டில் 'கத்தி 100' என்று மட்டும் எழுதாமல், 'பிடி 7 நூல், காய்ந்த மரம்' என்றும் எழுதுவோம். சரக்கு வந்ததும் பத்துக்கு ஒன்றை அளந்து பார்ப்போம். கூடுதல் மரத்துக்கும் கூலிக்கும் உரியதைக் கொல்லருக்குப் பேரம் பேசாமல் கொடுப்போம். பிளாஸ்டிக் பிடிக் கத்தியோடு விலையில் நாம் போட்டியிட முடியாது, உறுதியில் முடியும். இரண்டு கத்திகளையும் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். சில ரூபாய் ஏன் கூடுதல் என்பதை அவர் கையே அவருக்குச் சொல்லிவிடும்.

உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.