புதிய புரதங்கள் போதும், பழையவற்றைச் சரிபார்ப்போம்

பி53, கேஐ-67, ஈஜிஎஃப்ஆர், சைக்ளின் டி1, ஈ-கேட்ஹெரின், போடோப்ளானின்... வாய்ப் புற்றுநோய் யாருக்குத் திரும்பும், யார் தப்புவார் என்பதை முன்கூட்டியே காட்டக்கூடும் என்று ஆய்வுக் கட்டுரைகள் சுட்டும் புரதங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால், அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்கு அடுத்து என்ன செய்வது என்பதை மருத்துவர்கள் இந்தப் பட்டியலை வைத்து முடிவு செய்வதில்லை.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயம் அல்ல. உலகளாவிய புற்றுநோய்த் தரவுத்தொகுப்பான குளோபோகானின் 2022 மதிப்பீட்டின்படி, இங்கே ஓராண்டில் சுமார் 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். உலகின் புதிய நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியர்கள்.

மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 புரதம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதைக் குறிவைக்கும் மருந்தைத் தருகிறார்கள். வாய்ப் புற்றுநோயில் இந்தப் புரதங்களை வைத்து ஏன் அப்படி நடக்கவில்லை? பெரும்பாலான ஆய்வுகள் ஒரே மருத்துவமனையில், சில பத்துப் பேரின் திசுக்களைக் கொண்டு நடந்தவை. ஓர் ஆய்வகம் 10 சதவீத செல்களில் புரதத்தைக் காட்டும் சாயம் ஏறினாலே ‘பாசிட்டிவ்’ என்கிறது. இன்னொன்று 50 சதவீதம் கேட்கிறது. நாக்கு, கன்னம், தொண்டை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவதும் உண்டு.

இடம் மாறினால் நோயின் குணமும் மாறும். தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் பி16 புரதம் நம்பகமான அடையாளம். அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் (ஏஜேசிசி) கையேட்டு எட்டாம் பதிப்பு, நோயின் நிலையைக் கணிக்கவே அதைச் சேர்த்துக்கொண்டது. வாய்க்குழிப் புற்றுநோயில் அதற்கு அந்த மதிப்பு இல்லை. இந்தியாவில் புகையிலையும் பாக்கும் அடக்கிவைக்கும் கன்னத்திலும் ஈறிலும்தான் நோய் அதிகம். மேலை நாடுகளில் நாக்கில். அங்கே தேறிய புரதக் குறியீடு இங்கேயும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்று மருத்துவர்கள் நம்புவது கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்து நிணநீர் முடிச்சின் உறையைத் தாண்டிவிட்டதா என்பன போன்ற விவரங்களைத்தான். அவை பயனுள்ளவை. ஆனால், ஒரே நிலையில் இருக்கும் இருவரில் யாருக்குக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்பதை அவற்றால் எப்போதும் பிரித்துச் சொல்ல இயலாது. கதிர்வீச்சின் விலை வறண்ட வாய், திறக்க மறுக்கும் தாடை, சொத்தையாகும் பற்கள்.

பெரிய கேள்விக்கு உறுதியான பதில் தேடும் திறன் இங்கே இருக்கிறது. ஆரம்பநிலை நோயில் கழுத்து முடிச்சுகளை முன்கூட்டியே அகற்றலாமா, நோய் பரவியது தெரிந்த பிறகு அகற்றலாமா என்ற நீண்ட நாள் விவாதத்துக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் விடை சொன்னது. முன்கூட்டியே அகற்றியவர்களில் மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5. அதே கண்டிப்பைப் புரதங்களிடமும் காட்டலாம்.

பொருளுக்கும் பஞ்சமில்லை. மருத்துவமனைகளின் நோய்க்குறியியல் துறைகளில் நோயாளிகளின் திசுக்கள் பாரஃபின் மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் நூற்றுக்கணக்கான மையங்கள் இணைந்துள்ளன. சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. நான்கைந்து புரதங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரே சாயம், முன்பே அறிவித்த ஒரே வரம்பு, நோயாளிக்கு என்ன ஆனது என்று தெரியாத பரிசோதகர்கள் என்ற விதிகளோடு சோதிக்க வேண்டும். தோற்ற முடிவுகளையும் வெளியிட வேண்டும்.

மரபணு வரிசைப்படுத்தல் வந்துவிட்டதே, புரதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். புரதச் சாயச் சோதனையை மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்ய முடியும். வரிசைப்படுத்தலுக்கு அதைவிடப் பெரிய கட்டமைப்பும் செலவும் தேவை. உண்மையில் கடினமான வேலை, சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரை ஐந்தாண்டுகள் விடாமல் தொடர்வதுதான். ஆய்வு நிதியில் கணிசமான பங்கு அந்தத் தொலைபேசி அழைப்புகளுக்கும் பயணப்படிக்கும் போக வேண்டும். சரிபார்ப்பு முடியும்வரை, சிகிச்சையை மாற்றாத குறியீட்டுச் சோதனைகளுக்கு நோயாளியின் பையிலிருந்து பணம் எடுக்கக் கூடாது.