தட்டை மாற்றுங்கள், பூனையை அல்ல

பிள்ளைகளா, "பூனை மெத்தைல மூத்திரம் போகுது சார், எங்கயாவது கொண்டு விட்டுரலாமா?" என்று இந்த மாதம் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விடுவதற்கு முன் அதன் மணல் தட்டைப் பாருங்கள்.

கடைத் தட்டு பலதும் குட்டிக்குத்தான் போதும். வளர்ந்த பூனையை மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ளதாக வாங்குங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பே போதும். வயசான பூனைக்கு மூட்டு வலி இருக்கும். டப்பின் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி வாசல் வையுங்கள். நமக்கு மட்டும் மாடிப்படி கஷ்டம் என்று நினைக்கிறோம்! மூடி போட்ட தட்டு நம் மூக்குக்கு நல்லது, உள்ளே போகிற பூனைக்கு அல்ல. இரண்டு பூனை என்றால் மூன்று தட்டு. தினமும் அள்ளுங்கள்.

மணலுக்கு ஆற்றுப் பக்கம் போகாதீர்கள். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக 2010-ல் நல்லகண்ணு ஐயா அந்த வயதில் மதுரைக் கிளையில் வழக்காடித் தடை வாங்கினார். தேங்காய் நார்த்தூளோ மரத்தூளோ போதும்.

ஒன்று மட்டும் தட்டோடு தீராது. ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லையென்றால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.